தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு தாடை

விசாரணை மாலை நாலு மணிக்கு. மூன்றே காலுக்கெல்லாம் பூட்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான், சூட்டும் டையுமாக.

அவனிடம் இருப்பது ஒரே ஒரு சூட். கல்யாணம், சாவு, விசாரணை மூன்றுக்கும் அதுதான். கல்யாணத்துக்குத் தைத்தபோது கழுத்து சின்னதாக இருந்தது. இப்போது மேல் பொத்தானைப் போட்டால் முகம் தக்காளியாகிவிடும்.

பூட்டு என்பது அவன் அம்மா வைத்த பெயர் இல்லை. லெய்ட்டன் ப்ரோஃபி என்பது அவள் வைத்தது. ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடும் எங்கள் ஃபெர்ன்ஹில் நாரைகள் அணியில் அவன் ஃபுல் பேக். எதிரணியில் யார் அதிகம் கோல் அடிப்பானோ, அவன் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வேலை. யாரும் தாண்ட முடியாததால் பூட்டு என்று எங்கள் ஆட்கள் பெயர் வைத்தார்கள். சாவியும் அதிலேயே தொங்குகிறது என்று எதிரணிக்காரர்கள் சொல்வார்கள்.

நான் வில்ஃப். இருபத்தாறு வருஷமாக இந்தக் கிளப்பில் சட்டை துவைக்கிறேன், ஷூவுக்கு ஆணி மாற்றுகிறேன், பந்துக்குக் காற்றடிக்கிறேன். விசாரணைக்குப் போகிறவனுக்கு வண்டி ஓட்டுவதும் என் தலையில்தான்.

வண்டியைக் கிளப்பப் போகும்போது நோலீன் வாசலில் இருந்து இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினாள். அவள் பூட்டுவின் மனைவி. ஐந்து மாத வயிறு.

"வாயத் திறக்கக் கூடாது. 'ஆமா மேடம், இல்ல மேடம்.' அவ்ளோதான். புரியுதா?"

"புரியுது."

"போன விசாரணையிலயும் இதத்தான் சொன்ன. 'ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன்'ன. அந்த ஒரு வார்த்தைக்கு மூணு வாரம் வீட்டுல உக்காந்து சோபாவ ஒடச்ச. வில்ஃப் அண்ணே, இவன் பேச ஆரம்பிச்சா கால மிதிங்க."

"நல்லா மிதிக்கிறேன்மா."

"வேண்டாம், மெதுவா. சனிக்கிழமை அந்தக் கால் வேணும்."

அந்தச் சனிக்கிழமைதான் விஷயம். சீசனின் கடைசி ஆட்டம். பூட்டுவுக்கு அது நூறாவது ஆட்டமாக இருக்க வேண்டும். பதின்மூன்று வருஷத்தில் நூறு என்பது பெரிய எண்ணிக்கை இல்லைதான். முழங்கால் இரண்டு தடவை, தோள்பட்டை ஒரு தடவை, ஒரு தடவை வீட்டுக் கொல்லையில் கறி சுடும்போது சட்டியைப் பாதத்தில் கவிழ்த்துக்கொண்டான். இப்படியே காலம் போய்த் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றிருக்கிறான். அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்று கிளப் ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. அப்பா ஒரு கிளப்புக்காக நூறு ஆட்டம் ஆடியிருந்தால், மகன் வளர்ந்து வரும்போது அவனை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை அந்தக் கிளப்புக்குத்தான். பூட்டுவின் அப்பா நூற்றுப் பதினெட்டு ஆடினார். அதனால்தான் பூட்டு நாரையானான். தொண்ணூற்றொன்பது என்றால் மகன் பொதுக் கூடையில் விழுவான். மெல்போர்னில் எவன் கையை நீட்டுகிறானோ அவனுக்குப் போவான்.

போன மாதம் ஸ்கேனில் பையன் என்று தெரிந்துவிட்டது. நோலீன் அன்றைக்கே தொட்டிலுக்கு மேலே நாரைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டாள். குட்டிச் சட்டை. நான்தான் கொடுத்தேன்.

வண்டி பாலம் ஏறியதும் கேட்டேன். "அடிச்சியாடா?"

"யார்கிட்டயும் பதில் சொல்லக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு அண்ணே."

"நான் உன் சாக்ஸ் தொவைக்கிறவன்டா."

ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். "நல்லா அடிச்சேன் அண்ணே."

அடி வாங்கியவன் டேல் ஸ்கெரிட். டார்லி காளைகள் அணியின் கோல் மன்னன். பன்னிரண்டு வருஷமாகப் பூட்டுவும் அவனும் வருஷத்துக்கு இரண்டு முறை ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒருவனை ஒருவன் கிள்ளாத இடம் கிடையாது. போன சனிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் பந்து அந்தக் கோடியில் இருந்தபோது ஸ்கெரிட் திரும்பிப் பார்க்காமலே சொன்னானாம்: "பையனாமே பூட்டு? நூறு ஆடிட்டா உங்க கிளப்புக்கு. ஆனா நீ நாளைக்கே குளியலறையில வழுக்கி விழுந்துடுவ பாரு. பையன எங்ககிட்ட அனுப்பிடு, நாங்க வளத்துக்கறோம்."

பூட்டுவின் முழங்கை அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

நல்ல வேளையாகக் கேமராக்கள் எல்லாம் பந்தின் பின்னால் போயிருந்தன. பார்த்தவர் ஒரே ஒருவர், கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் கோல் நடுவர். அவர்தான் புகார் எழுதினார்.

விசாரணை அறையில் நடுவில் தலைவி திருமதி ரென்ஷா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற நீதிபதி. அவருக்கு இருபுறமும் இரண்டு பழைய ஆட்டக்காரர்கள், இருவருக்கும் மூக்கு வளைந்திருந்தது. எங்கள் வக்கீல் பென்ரோஸ் காகிதங்களை அடுக்கிக்கொண்டே பூட்டுவின் காதில் சொன்னார்: "கவலைப்படாதே தம்பி. ஸ்கெரிட் சாட்சி சொல்ல வந்திருக்கான். ரெண்டு பேரும் எடம் புடிக்க ஓடினோம், கை லேசா பட்டுது, வலியே இல்லன்னு சொல்லுவான். அபராதத்தோட முடிஞ்சிடும்."

நாங்கள் யாரும் ஸ்கெரிட்டைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. இந்த ஆட்டத்தில் அடி வாங்கினவன் அடித்தவனைக் காட்டிக் கொடுப்பதில்லை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். தாடையைக் கம்பி போட்டுக் கட்டிய ஒருவன் பேச முடியாமல், "நானே தடுக்கி விழுந்தேன்" என்று தாளில் எழுதிக் காட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் கோல் நடுவரை மேஜை மேலிருந்த ஒலிபெருக்கித் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிசிறில்லாமல் பேசினார்.

"வலது கை போனதைப் பார்த்தேன். ஆள் விழுந்ததையும் பார்த்தேன்."

"கை தாடையில் பட்டதைப் பார்த்தீர்களா?" என்றார் தலைவி.

"இல்லை. நடுவில் கோல் கம்பம் இருந்தது. கை தூணுக்கு இந்தப் பக்கம். தாடை தூணுக்கு அந்தப் பக்கம்."

பென்ரோஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சந்தோஷமாக இருக்கும்போது செய்கிற வேலை அது.

ஸ்கெரிட் உள்ளே வந்தான். நீல சூட். தலைமுடி பளபளவென்று படிந்திருந்தது. இடது தாடையில் மட்டும் ஏதோ வித்தியாசம். உற்றுப் பார்த்தேன். வீக்கம் தெரியாமல் இருக்க, பெண்டாட்டியின் பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தான். எனக்கு அவன் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது.

"என்ன நடந்தது, திரு. ஸ்கெரிட்?"

"ஒண்ணுமே நடக்கல மேடம்."

அதோடு அவன் எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ப்ரோஃபியின் கை உங்கள் மேல் பட்டதா?"

பென்ரோஸ் மேஜைக்கு அடியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நூலிழை இடைவெளியில் வைத்துக் காட்டினார். லேசா, லேசா. ஸ்கெரிட் அதைப் பார்க்கவில்லை. அவனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"படவே இல்ல மேடம். அவர் பத்து கஜம் தள்ளி நின்னாரு."

"ஃபுல் பேக் பத்து கஜம் தள்ளி நின்றாரா?"

"மரியாதைக்கு, மேடம். அவர மாதிரி தங்கமான மனுஷன நான் மைதானத்துல பாத்ததில்ல. பன்னெண்டு வருஷத்துல என்னைத் தொட்டதுகூடக் கெடையாது."

வளைந்த மூக்குக்காரர்களில் ஒருவருக்குத் தண்ணீர் புரையேறியது. பென்ரோஸ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பிறகு ஏன் தாடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்?"

ஸ்கெரிட் யோசித்தான். அவன் யோசிப்பதை நான் பார்த்ததும் அதுதான் முதல் தடவை. "பல்லு வலி."

"எந்தப் பல்?"

வாயைத் திறந்து இடது பக்கக் கீழ்த் தாடையைச் சுட்டிக் காட்டினான். தலைவி கையில் இருந்த மருத்துவ அறிக்கையைப் புரட்டினார். "உங்கள் கிளப் டாக்டர் எழுதியிருக்கிறார். இடது தாடையில் சிறு வீக்கம். எலும்பு முறிவு இல்லை. ஆட்டம் முடிந்ததும் இறைச்சி அடைத்த அப்பம் இரண்டு சாப்பிட்டார். இடது கீழ்த் தாடையில் பற்கள் இல்லை, எட்டு வருஷமாக."

"இல்லாத பல்லுதான் மேடம் ரொம்ப வலிக்கும்."

பூட்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்கே தெரியவில்லை. மிதித்து வைத்தேன்.

தலைவி சிரிக்கவில்லை. "திரு. ஸ்கெரிட், யாரும் தொடாமலே தாடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்றால், நடுவரை ஏமாற்ற நடித்தீர்கள் என்று அர்த்தம். அது தனிக் குற்றம். இந்த சீசனில் அதற்காக உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை கொடுத்திருக்கிறோம். மூன்றாவது என்றால் ஓர் ஆட்டம் வெளியே இருக்க வேண்டும்."

டார்லி சனிக்கிழமை ஜெயித்தால்தான் இறுதிச் சுற்றுக்குப் போகும். ஸ்கெரிட் இல்லாமல் டார்லி ஜெயிப்பதாவது! அவனுக்கு வியர்த்தது. நெற்றியில் கிளம்பிய வியர்வை கன்னத்தில் இறங்கியது. அது போன வழியெல்லாம் பவுடர் கரைந்து, கத்திரிக்காய் நிறத்தில் ஒரு முழங்கை அளவுக்குத் தாடை வெளியே வந்தது.

"அது என்ன?" என்றார் தலைவி.

"எம் பொண்ணு பெயின்ட் அடிச்சது மேடம்."

"போதும். ஒன்று அவர் அடித்தார். இல்லையென்றால் நீங்கள் நடித்தீர்கள். இரண்டில் எது?"

ஸ்கெரிட் பூட்டுவைப் பார்த்தான். பூட்டு அவனைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றபடி எப்போதும் முதுகுதான்.

ஸ்கெரிட் நாற்காலியில் சாய்ந்தான். "நடிச்சேன்னே எழுதிக்குங்க மேடம்."

பென்ரோஸ் மூச்சு விட்டார். முடிந்தது. பூட்டுவுக்கு நூறு. பையனுக்கு நாரைச் சட்டை. பூட்டு சும்மா இருந்தால் போதும்.

ஆனால் ஸ்கெரிட் சும்மா இருக்கவில்லை. வாய் அவனுக்கு எப்போதும் காலை விட வேகம். "அப்படியே அவன் அடிச்சிருந்தாலும் வலிச்சிருக்காது மேடம். அவன் கை ஈரத் துண்டு."

பூட்டு எழுந்தான். நான் பாதத்தை மிதித்தேன். பென்ரோஸ் கோட்டைப் பிடித்து இழுத்தார். தோளில் தையல் பிரியும் சத்தம் கேட்டது.

"ஈரத் துண்டா? கோதுமை மூட்ட மாதிரி விழுந்தியேடா!"

"நடிச்சேன்டா!"

"நடிச்சியா? 'ஐயோ அம்மா'ன்னு கத்தினது யாரு?"

"நான் கத்தல!"

"கத்தின! டார்லி வரைக்கும் கேட்டிருக்கும்!"

மேஜை மேல் இருந்த தொலைபேசி தொண்டையைக் கனைத்தது. "மன்னிக்கணும், நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்," என்றார் கோல் நடுவர். "கத்தினார். நான் கொடியக் கீழ போட்டுட்டேன்."

"உட்காருங்கள், திரு. ப்ரோஃபி," என்றார் தலைவி. "அடித்தீர்களா?"

"அடிச்சேன் மேடம். வலது முழங்கை. சுத்தமா விழுந்தது."

எல்லாரும் அவனுக்குக் கோபம் வந்து உளறிவிட்டான் என்றுதான் நினைத்தார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. ஆனால் பதின்மூன்று வருஷமாக அவன் கோபத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். கோபம் வந்தால் அவனுக்குக் காது சிவக்கும். அன்றைக்குக் காது காது மாதிரியே இருந்தது. தனக்காகப் பொய் சொன்னவன் மாட்டிக்கொண்டு வெளியே உட்கார, தான் மட்டும் மைதானத்தில் இறங்குவது அவனால் முடியாத காரியம்.

தீர்ப்பு பத்து நிமிஷத்தில் வந்தது. இரண்டு ஆட்டத் தடை, ஒப்புக்கொண்டதற்காக ஒன்று குறைப்பு. மிச்சம் ஒன்று. சனிக்கிழமை. ஸ்கெரிட்டுக்குப் பல் விஷயத்தில் ஒரு கண்டிப்பு.

தாழ்வாரத்தில் ஸ்கெரிட் பாய்ந்து வந்தான். "எருமை! எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிருந்தேனேடா!"

"நீ சரி பண்ண லட்சணம்! பத்து கஜமாம், மரியாதையாம்! 'லேசா பட்டுது'ன்னு ரெண்டு வார்த்த சொல்லத் தெரியாதா?"

"லேசான்னு சொன்னா உனக்கு அவமானமா இருக்குமேன்னு பாத்தேன்."

பூட்டு பிரிந்து தொங்கிய கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"தொண்ணூத்தொம்பதா?" என்றான் ஸ்கெரிட்.

"ம்."

ஸ்கெரிட் தாடையைத் தடவிக்கொண்டே போய்விட்டான்.

வீட்டு வாசலில் நோலீன் நின்றிருந்தாள். தொங்கிய கோட்டுக் கையைப் பார்த்தாள். பூட்டுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். "எத்தன வார்த்த பேசினான்?"

"ஒரு முப்பது இருக்கும்மா."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். பத்து கஜத்துக்குச் சிரித்தாள். இல்லாத பல்லுக்கும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "அப்போ இவன யாரு வேணாலும் எடுத்துக்கலாம்," என்றாள். திட்டியிருந்தால் பூட்டு தாங்கியிருப்பான். சூட்டோடு படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினான்.

சனிக்கிழமை எங்கள் ஆட்டம் மத்தியானத்திலேயே முடிந்துவிட்டது. பூட்டு இடத்தில் நின்ற புதுப் பையனைத் தாண்டி ஒன்பது கோல். நான் சட்டைகளை ஊறப் போட்டுவிட்டு பூட்டு வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சியில் டார்லி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கெரிட் ஏழு கோல் அடித்தான், டார்லி ஜெயித்தது. ஒவ்வொரு கோலுக்கும் பூட்டு மெத்தைத் தலையணையை ஒரு குத்து விட்டான்.

ஆட்டம் முடிந்ததும் ஒருவர் ஸ்கெரிட் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டினார். "உங்களை யாராலும் நிறுத்த முடியவில்லையே?"

"ஒருத்தனாலதான் முடியும்," என்றான் ஸ்கெரிட். "ஃபெர்ன்ஹில் பூட்டு. அந்தப் புண்ணியவானுங்க அவன வெளிய விடறாங்க. எங்க கிளப்பு சும்மா இருக்குமா? பேச்சு நடந்துட்டிருக்கு."

"அப்படியா! எந்த அளவுக்கு..."

"இதுக்கு மேல கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

நோலீன் தலையணையைப் பிடுங்கினாள். "டார்லிகூடப் பேசினியா? எனக்குத் தெரியாம?"

"சத்தியமா இல்ல! அவன் பொய் சொல்றான்!"

"இவ்ளோ சுருக்கமாவா?" என்றேன் நான்.

நிருபர்கள் டார்லி பயிற்சியாளரைத் துரத்தினார்கள். அவர், "கருத்து சொல்ல விரும்பவில்லை," என்றார். மழை வருமா என்று கேட்டாலும் அதையேதான் சொல்கிற ஆள் அவர். ஊருக்கு அது போதுமாக இருந்தது. நாரைகளின் பூட்டு காளைச் சட்டையில்! ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப் தொலைபேசி ஓயவில்லை. உறுப்பினர் அட்டையைக் கிழித்துத் தபாலில் அனுப்புவதாக ஒரு பாதிரியாரே மிரட்டினார். ஒன்பது கோல் வேறு எல்லார் கண்ணிலும் நின்றது. திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கிளப் தலைவர் பூட்டுவைக் கூப்பிட்டு, எதிரில் பேனாவை வைத்தார். இன்னும் ஒரு வருஷம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு என் அறைக்கு வந்து ஸ்கெரிட்டுக்குப் போன் போட்டான். நான் சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்... ம். போட்டாச்சு... இல்ல, அதுக்காக இல்ல... நன்றியா? உனக்கா? வாய கழுவு... தாட எப்படி இருக்கு?... சரி, அடுத்த தடவ வலது பக்கம்."

போனை வைத்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

அடுத்த ஏழு மாதம் நோலீன் அவனைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஏணி தொடக் கூடாது. குளியலறையில் ரப்பர் விரிப்பு. ஜனவரியில் பையன் பிறந்தபோதுகூட, "நீ தூக்காத, இடுப்பு புடிச்சிக்கும்," என்றாள்.

மார்ச்சில் முதல் ஆட்டம். ரசிகர் கூட்டம் ஒட்டிக் கொண்டுவந்த ராட்சசக் காகிதத் தட்டியைக் கிழித்துக்கொண்டு, பையனை மார்போடு அணைத்தபடி பூட்டு மைதானத்துக்குள் ஓடி வந்தான். ஓடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நூறு நிமிஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தான். ஆட்டம் முடிந்து சைரன் ஊதியபோது நாங்கள் நாலு கோலில் தோற்றிருந்தோம். அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பேர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நூறு ஆடிவிட்டான். பையன் இனி எங்கள் நாரை.

உடை மாற்றும் அறையில் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு, பையனை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான். நோலீன் கைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"பொறப்புச் சான்றிதழ் வந்துடுச்சு. ஆட்டம் முடியட்டும்னு வெச்சிருந்தேன்."

"ஹ்யூகோன்னுதான பதிஞ்ச?"

"ஹ்யூகோதான். நடுப் பேர் ஒண்ணு சேத்துருக்கேன். படி."

படித்தான். ஹ்யூகோ டேல் ப்ரோஃபி.

டேல், ஸ்கெரிட்டின் பெயர். "அவர் அந்த மைக்ல பேசலேன்னா இன்னிக்கு உனக்கு ஏது நூறு?" என்றாள் நோலீன். "நியாயமா முதல் பேராவே வெச்சிருக்கணும்."

பூட்டு தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"வில்ஃப் அண்ணே, இன்னிக்கு ஆட்டத்த மட்டும் கணக்குலருந்து எடுக்கச் சொன்னா எடுப்பாங்களா?"